பழைய ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங்கை இப்போதே கைவிட வேண்டாம்

ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் எழுதிய அப்பா காலத்துக் கடை பில்லிங் நிரல் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை, கம்ப்யூட்டர் விற்றவர் மாதச் சந்தா சாஃப்ட்வேர் வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அது டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு எழுதிய 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டாது, விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில்தான். வேறு கோளாறு இல்லை.

டாஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்டும் விடாஸ் (vDos) என்ற சின்ன நிரலைப் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட கடை, ஆபீஸ் நிரல்களுக்காகவே எழுதியது. இதே வேலையைச் செய்யும் டாஸ்பாக்ஸ் (DOSBox) விளையாட்டுகளுக்கானது, பிரிண்ட்டில் தகராறு செய்யும். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து ஃபோல்டரை முழுசாக எடுங்கள். கணக்கு இருக்கும் டிபிஎஃப் (.dbf) ஃபைல்கள் மட்டும் போதாது, அவற்றின் இன்டெக்ஸான சிடிஎக்ஸ் (.cdx), நீளக் குறிப்புகள் இருக்கும் எஃப்பிடி (.fpt) ஃபைல்களும் கூடவே வேண்டும். எல்பிடி1 (LPT1) என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்குப் போகும் பில்லை விடாஸே விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிடும்.

மவுஸைத் தொடாமல் என்டர் தட்டித் தட்டியே பில் முடிகிற சுகம் பிரவுசர் பில்லிங்கில் வராது. கடையில் ஆள் நிற்கும்போது திரையில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்!

சரி, ஜிஎஸ்டி பில் இதுவரை எப்படிப் போட்டீர்கள்? 2017 ஜூலைக்குப் பிறகு நிரலை யாரும் திருத்தவில்லை என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பிரிப்பு அதில் இருக்காது. நிரலின் மூலக் குறியீடு இருக்கும் பிஆர்ஜி (.prg) ஃபைல்கள் இருந்தால் ஃபாக்ஸ்ப்ரோ தெரிந்தவரிடம் கொடுத்துச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் புது சாஃப்ட்வேருக்கு மாறத்தான் வேண்டும். அப்போதும் டிபிஎஃப் ஃபைல்களை எக்செல் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து பாக்கிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.