அந்த ஒயரை ஜாயின்ட் போட்டது யார்?

கேள்வி: காட்பாடிக்குப் பக்கத்தில் நீச்சல் குளம் வைத்து, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பதினான்கு மாதம் முன்பு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு 4.20 லட்சம் கொடுத்து, தண்ணீரைத் தானே சோதித்து ஹைப்போவும் (குளோரின் கரைசல்) ஆசிடும் விடுகிற ஆட்டோமேட்டிக் மெஷின் போட்டேன். இரண்டு வருட வாரன்டி. மாதம் ஒரு சர்வீஸ் என்று ஏஎம்சியும் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எழுதினோம். மார்ச்சிலிருந்து தலைவலிதான். கரண்ட் போய் வந்து மோட்டார் ஓடினால் மூக்கைத் துளைக்கும் நெடி, பிள்ளைகளுக்கு இருமல், கண் எரிச்சல். ரீடிங் போய்விடக் கூடாதென்று மெஷினின் கன்ட்ரோல் பேனலை இன்வெர்ட்டரில் கொடுத்திருக்கிறோம், அப்படியும் சரியில்லை. அலாரம் ஓயாமல் அடித்ததால் ஃப்ளோ ஸ்விட்ச் ஒயரை ஜாயின்ட் போட்டாச்சு. சர்வீஸ் பையன் வருவான், டீ குடிப்பான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். முதலாளியைக் கேட்டால் ‘உங்க ஊர்த் தண்ணி அப்படி’ என்று நக்கல், அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். ஏஎம்சியின் இரண்டாவது தவணையை நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் உள்ளூர் மெக்கானிக்கை வைத்து எல்லாவற்றையும் மாற்றப்போகிறேன். மெஷின் பணம் முழுவதும், மன உளைச்சலுக்கு 10 லட்சமும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முதலாளியின் நக்கல், பிளாக், டீ எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அதுதான். அதில் எதுவும் வழக்குக்கு உதவாது. வழக்கே ஒரு வரியில் இருக்கிறது, அதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: ஃப்ளோ ஸ்விட்ச் ஒயரை ‘ஜாயின்ட் போட்டாச்சு’. யார் போட்டது? கம்பெனி பையனா, உங்கள் ஆளா?

அந்தச் சின்ன ஸ்விட்ச் எதற்கென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடவில்லையென்றால் ஹைப்போவும் ஆசிடும் விடுகிற டோசிங் பம்புகளை நிறுத்துவது அதன் வேலை. இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டால் மெஷினுக்கு எப்போதும் தண்ணீர் ஓடுகிற மாதிரியே தெரியும். கரண்ட் போகிறது. பெரிய மோட்டார் நிற்கிறது. இன்வெர்ட்டரில் இருக்கிற பேனல் நிற்கவில்லை. சென்சாரைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஆசிடையும் ஹைப்போவையும் ஓடாத குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. கரண்ட் வந்து மோட்டார் ஓடியதும் அது மொத்தமும் குளத்துக்குள் வருகிறது. நீங்கள் எழுதிய நெடிக்கும் இருமலுக்கும் இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. எதிர்தரப்பு வக்கீலுக்கும் இதுதான் முதலில் தோன்றும்.

ஜாயின்ட் போட்டது கம்பெனி ஆள், அது சர்வீஸ் ஷீட்டிலோ வாட்ஸ்ஆப்பிலோ பதிவாகியிருக்கிறது என்றால், உங்களுடையது பலமான வழக்கு. அவர்கள் பேசித் தீர்க்க ஓடி வருவார்கள். போட்டது உங்கள் ஆள் என்றால் வாரன்டியை மறந்துவிடுங்கள். பாதுகாப்பு ஸ்விட்சை பைபாஸ் செய்துவிட்டு மெஷின் சரியில்லை என்று நீங்கள் சொல்ல, எந்த நுகர்வோர் கமிஷனும் தலையாட்டாது. பேனலை இன்வெர்ட்டருக்கு மாற்றியது யார் என்பதும் இதே கேள்விதான்.

சரி, இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது அடுத்த வாரம் வரப்போகும் மெக்கானிக்.

அவரை நிறுத்துங்கள். பேனலைத் திறக்கக்கூட விடாதீர்கள். ஆரணிப் பக்கத்து ரைஸ் மில்காரர் ஒருவர் இப்படித்தான் என்னிடம் வந்தார். நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற கலர் சார்ட்டர் மெஷின், கேமரா போர்டு பழுது, கம்பெனி இழுத்தடித்தது. சீசன் நேரம், பாவம், வெளி ஆளை வைத்து போர்டை மாற்றி மில்லை ஓட்டிவிட்டார். பிறகு வழக்கு. கம்பெனி தரப்பில் கேட்டது ஒரே கேள்வி: பழுதான எங்கள் போர்டு எங்கே? அது பழைய சாமான் கடைக்குப் போய் மாசக்கணக்காகியிருந்தது. மாற்றிய போர்டின் பில்லை வைத்துக்கொண்டு பழைய போர்டின் குறையை நிரூபிக்க முடியாது. கடைசியில் சொற்பத் தொகைக்கு முடித்துக்கொண்டார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38ன்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். வக்கீல் கமிஷனரை அனுப்பிப் பார்வையிடவும் கேட்கலாம். சோதிக்க அங்கே ஏதாவது இருந்தால்தானே?

எனவே இன்றே, அந்த ஜாயின்ட் இருக்கிற நிலையிலேயே, தேதியோடு போட்டோவும் வீடியோவும் எடுங்கள். கன்ட்ரோலரில் அலாரம் பதிவுகள் இருந்தால் ஸ்கிரீன் ஸ்கிரீனாக எடுங்கள். சில மாடல்களில் புதுப் பதிவு வரவரப் பழையது அழிந்துவிடும். அப்புறம் இரண்டு டோசிங் பம்புகளின் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டுக் குளத்தை மூடுங்கள். கம்பெனிக்கு ஒரு தேதி குறித்து எழுத்தில் சொல்லுங்கள்: இந்த நாளில் சோதனை, உங்கள் ஆளை அனுப்புங்கள், வராவிட்டால் நாங்கள் வைத்த பொறியாளரைக் கொண்டு பார்த்துவிட்டு அதன்பிறகே மாற்றுவோம். வந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கை. வராவிட்டால் வரவில்லை என்பதே உங்களுக்குச் சாதகம். கழற்றும் சென்சார், ட்யூப் எல்லாவற்றையும் பையில் போட்டு சீல் வையுங்கள்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுவார்கள், அதிலும் ஒரு குழி இருக்கிறது. உப்பு, கடினத்தன்மை இவற்றுக்கு லேப் ரிப்போர்ட் சரி. குளோரின் அளவு மட்டும் வெயிலில், வழியிலேயே இறங்கிவிடும். அதைக் குளக்கரையிலேயே, சாட்சியை வைத்துக்கொண்டு, சோதனைக் கிட்டில் பார்த்து எழுத வேண்டும். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் குளோரின் குறைவு என்றிருந்தால், ஜாஸ்தி என்ற உங்கள் வழக்கை நீங்களே கெடுத்ததாகிவிடும்.

சர்வீஸ் ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ‘மெஷின் நன்றாக இயங்குகிறது’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே உங்கள் வாட்ச்மேன் மாதாமாதம் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அது உங்கள் கையெழுத்துதான். ‘அவருக்குப் படிக்கத் தெரியாது’ என்ற வாதம் அதிக தூரம் போகாது. அந்த ஷீட்டுகளில் சென்சாரை பிஎச் (அமிலத்தன்மை அளவு) 7, 4 கரைசல்களில் வைத்து கேலிபிரேட் செய்ததாக, அதாவது அளவு சரிபார்த்துத் திருத்தியதாக எழுதியிருக்கிறதா? எந்த மாதத்திலும் இல்லையென்றால், ஏஎம்சியில் சொன்ன வேலையைச் செய்யவில்லை என்பதற்கு அவர்கள் காகிதமே சாட்சி. நக்கலாகச் சொன்னாலும், ‘உங்க ஊர்த் தண்ணி’ என்பதில் உண்மையும் இருக்கிறது. நம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும்தான், சென்சாரில் வெள்ளையாகப் படியும். ஆனால் இந்த ஊரில் போடப்போகிறோம் என்று தெரிந்துதானே விற்றார்கள்? படிந்ததைத் துடைக்கத்தானே மாதாமாதம் ஆள்?

இன்னொன்று, குளோரின் மாத்திரை. மெஷின் சரியில்லாதபோது கையால் மாத்திரை போட்டீர்களா? கடைகளில் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் சயனூரிக் அமிலம் கலந்திருக்கிறது. அது தண்ணீரில் சேரச் சேர, குளோரின் போதுமான அளவு இருந்தாலும் குளோரினின் வேகத்தை அளக்கிற ஓஆர்பி சென்சார் குறைவாகவே காட்டும், மெஷின் மேலும் மேலும் ஹைப்போ விடும். கம்பெனி வக்கீல் மாத்திரை பில்லைக் கேட்பார். போட்டிருந்தால் முதல் நாளே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் போனிலேயே இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பியதாக நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்ஆப்பைப் படித்தேன். ‘மார்ச்சிலிருந்து பிள்ளைங்க இருமுறாங்க, கண்ணு செவக்குது, எத்தனை தடவை சொல்றது?’ கம்பெனிமேல் குற்றம் சொல்வதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெற்றோரின் வக்கீல் அதை வேறு மாதிரிப் படிப்பார்: ஆபத்து என்று மார்ச்சிலேயே தெரியும், தெரிந்தே ஃபீஸ் வாங்கிக் குளத்தைத் திறந்துவைத்திருந்தார். ஃபீஸ் கட்டிய பெற்றோர் அதே 2019 சட்டத்தின்கீழ் நுகர்வோர். நீங்கள் மனுதாரராகப் போக நினைக்கும் சத்துவாச்சாரி நுகர்வோர் கமிஷனுக்கே எதிர்மனுதாரராகப் போக நேரும். ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தால் விஷயம் போலீஸுக்கும் போகும். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அஜாக்கிரதைக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 125 இருக்கிறது. கத்திரி வெயிலில் கூட்டம் வருகிற நேரத்தில் மூடச் சொல்கிறேனே என்று கோபப்படாதீர்கள். அந்த மெசேஜை அழிக்கவும் கூடாது, போனை மாற்றவும் கூடாது. சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியத்தின் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

எங்கே வழக்கு என்பதற்கு வருவோம். நீங்கள் ‘நுகர்வோர்’தானா என்று கம்பெனி கேட்கும். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி நிறுவனம் எதிர்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995ல், உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே நின்று தொழில் செய்து, உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டால் பரவாயில்லை. நீங்களே பயிற்சியாளராகத் தண்ணீரில் இறங்குகிறீர்களா, அல்லது கோச், டிக்கெட், கேன்டீன் எல்லாவற்றுக்கும் ஆள் போட்டுவிட்டுக் கல்லாவில் இருக்கிறீர்களா? இதில்தான் விடை. முதல் வகை என்றால் நீங்கள் இருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டாவது வகை என்றால் சிவில் பக்கம் போக வேண்டும். மதிப்பு 3 லட்சத்தைத் தாண்டுவதால் வணிக நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரச முயற்சி கட்டாயம். பில்லின் அடியில் ‘சென்னை நீதிமன்றத்துக்கு உட்பட்டது’ என்று இருந்தால் வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏறுவதும் நீங்கள்தான்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் என்பது சுலபத்தில் நடக்காது. பொருளை ஏற்று, இத்தனை மாதம் ஓட்டிவிட்ட பிறகு, சரக்கு விற்பனைச் சட்டப்படி நஷ்டஈடுதான் கேட்கலாம், நிராகரிக்க முடியாது. 10 லட்சமும் அப்படித்தான். மன உளைச்சலுக்குப் பதில் வருமான இழப்பு என்று கேட்டாலும் கணக்குப் புத்தகம் கேட்பார்கள். ரொக்கமாக வாங்கி நோட்டில் எழுதியதை நீட்டினால் அடுத்த கேள்வி வருமான வரியில் போய் நிற்கும். ஏஎம்சி தவணையை நிறுத்தியதும் இடிக்கிறது. ‘பணம் வரவில்லை, அதனால் ஆள் அனுப்பவில்லை’ என்பார்கள். அவர்களுடைய கடைசி சர்வீஸ் எப்போது, நீங்கள் பணம் நிறுத்தியது எப்போது, எது முந்தியது என்று தேதி வாரியாக எழுதி வையுங்கள்.

என்னைக் கேட்டால், பேசி முடியுங்கள். ஜாயின்ட் உங்கள் ஆள் போட்டதென்றால் கட்டாயம் முடியுங்கள், அதுவும் சோதனைத் தேதிக்கு முன்பே. புது பிஎச், ஓஆர்பி சென்சார்கள், ஃப்ளோ ஸ்விட்சை மீண்டும் இணைத்து, மெயின் மோட்டார் நின்றால் டோசிங் பம்புக்குக் கரண்டே போகாதபடி ஒயரிங், புதிதாக கமிஷனிங் (ஓட்டிச் சோதித்து ஒப்படைப்பது) செய்து ரீடிங்குடன் அறிக்கை, வாரன்டி ஒரு வருடம் நீட்டிப்பு, நிலுவைத் தவணை தள்ளுபடி. இவ்வளவு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியைக் கட்டாயம் நுழைப்பார்கள். அதை உங்கள் மெஷின் பணத்தோடு மட்டும் நிறுத்துங்கள். நாளை ஒரு பெற்றோர் உங்கள்மேல் வழக்குப் போட்டால் கம்பெனியையும் இழுக்கிற உரிமை உங்களிடமே இருக்கும் என்று தனியாக ஒரு வரி எழுத வையுங்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.