ஸ்டேஷன்லேர்ந்து கூப்பிட்டா வக்கீல எப்ப பாக்கணும்? (கேள்வி பதில்)

கேள்வி: சார், பக்கத்து வீட்டுக்காரரோட வாய்த்தகராறு, அவ்ளோதான். இப்ப ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்ணி சும்மா வந்துட்டு போங்கன்றாங்க. இதுக்கெல்லாமா வக்கீல்?

பதில்: கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போனாவது போட்டு பேசிடுங்க சார். எஃப்ஐஆர் போட்டாச்சா இல்ல வெறும் மனுவா, உங்கள சாட்சியா கூப்பிடுறாங்களா இல்ல உங்க மேலயே புகாரா, இது தெரியாம போய் உக்காராதீங்க. முன்ஜாமீன் போடணும்னாலும் கைதுக்கு முன்னாடிதான், உள்ள வச்சப்புறம் அந்த கதவு மூடிடும். முக்கியமா, புகார் குடுத்தவருக்கு வாட்ஸ்அப்ல "தெரியாம கைய வச்சிட்டேன், மன்னிச்சிடுங்க"ன்னு அனுப்பிடாதீங்க. போலீஸ்கிட்ட குடுக்குற வாக்குமூலத்த ஒப்புதலா கோர்ட் எடுத்துக்காது, ஆனா இந்த மெசேஜ் நேரா சாட்சியமா வந்து நிக்கும்.

கேள்வி: அண்ணா, 35(3) நோட்டீஸ் வந்திருக்கு. போகாம இருக்கலாமா?

பதில்: போகணும் தம்பி. விசாரணைக்கு வந்து ஆஜராகுங்கன்னு போலீஸ் அனுப்புற நோட்டீஸ் அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 41ஏன்னு இருந்ததுதான் இது, 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்கு பதிலா வந்த புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல நம்பர் மாறிடுச்சு. ஒழுங்கா ஆஜரானா காரணம் எழுதி வைக்காம கைது பண்ண முடியாது, டிமிக்கி குடுத்தா அதுவே காரணமாயிடும். வக்கீல பாத்துட்டு போங்க. விசாரணைல எழுதுற ஸ்டேட்மென்ட்ல கையெழுத்து கேக்கக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது, வெத்து பேப்பர்னா பேச்சே இல்ல.

கேள்வி: தப்பே பண்ணல மேடம், வக்கீலோட போனா சந்தேகம் வராதா?

பதில்: சந்தேகம் வந்ததாலதானே கூப்பிட்டிருக்காங்க 😀 கூட்டிட்டு போங்க.

கேள்வி: அக்கா, தம்பிய நேத்து ராத்திரி தூக்கிட்டு போய்ட்டாங்க. கைல காசு இல்ல, என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: உடனே 15100க்கு போன் பண்ணுமா, இலவச சட்ட உதவி. கஸ்டடில இருக்குறவங்களுக்கு வருமானம் பாக்காமலே வக்கீல் தருவாங்க. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும், அங்க நீயும் போய் நில்லு, அடிச்சிருந்தா அங்கயே வாய் தெறந்து சொல்ல சொல்லு. விசாரணைக்கு நடுவுல வக்கீல பாக்க அவனுக்கு உரிமை உண்டு, முழு நேரமும் கூட உக்கார முடியாது அவ்ளோதான்.

கேள்வி: எங்க மாமா பத்திரம் பாக்குற வக்கீல். அவரே போதுமா?

பதில்: ஜாமீனுக்கு தினம் கிரிமினல் கோர்ட்ல நிக்கிற ஆள்தான் சரி. ரிமாண்ட் ஆனதுலேர்ந்து, குற்றத்த பொறுத்து 60 நாள்லயோ 90 நாள்லயோ போலீஸ் சார்ஜ்ஷீட் (குற்றப்பத்திரிகை) போடலன்னா ஜாமீன் உரிமையாவே கெடைக்கும், ஆனா சார்ஜ்ஷீட் வர்றதுக்குள்ள மனு போட்டாகணும், ஒரு நாள் அசந்தாலும் போச்சு. மாமாவையே அந்த மாதிரி ஒருத்தர கைகாட்ட சொல்லுங்க.