கோவேந்தர் எந்த ஊர்க்காரர்?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான்காம் தலைமுறையாக இருக்கிறோம். குடும்பப் பெயர் கோவேந்தர். கொள்ளுத்தாத்தா 1890 வாக்கில் சென்னையில் கப்பலேறியவர், அவ்வளவுதான் தெரியும். 1881 சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் பெயரைத் தேடி ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியாது. இங்கிலாந்தில் 1841 கணக்கெடுப்பிலேயே வீடுவாரியாக எழுதிய பெயர்களை இன்றும் படிக்கலாம். இங்கே எண்ணிக்கையைத் தொகுத்ததும் வீட்டுப் படிவங்களின் வேலை முடிந்துவிட்டது, அவற்றைப் பாதுகாத்து வைக்கவில்லை. 1881 தொகுதிகளில் இருப்பது அட்டவணைகள்: எந்த மாவட்டத்தில் எத்தனை பேர், எந்தச் சாதியில் எத்தனை பேர் என்று.

உங்களுக்கு உதவக்கூடிய ஆவணம் டர்பனிலேயே இருக்கிறது. 1860 முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலில் இறங்கிய 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பதிவேடு அது. ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. ஆனால் அதில் ‘கோவேந்தர்’ என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கவுண்டர் கோவேந்தர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் குடும்பப் பெயராக நிலைத்ததும் பெரும்பாலும் கரையிறங்கிய பிறகு. கப்பலேறியவர், உதாரணத்துக்கு, வெறும் முனிசாமி, தகப்பன் பெருமாள் என்றுதான் இருப்பார். சாதிக் கட்டத்தில் கவுண்டர் என்று இருந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பட்டம் பின்னால் வந்து ஒட்டியிருக்கலாம்.

முதலில் கொள்ளுத்தாத்தாவின் பதிவேட்டு எண்ணைப் பிடியுங்கள். பழைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் உள்ள இறந்தோர் சொத்துக் கோப்பு ஆகியவற்றில் தேடுங்கள். கிடைத்தால் பதிவேட்டில் அதற்கு முன்னும் பின்னும் பத்து எண்களைச் சேர்த்துப் படியுங்கள். ஒன்றாக வந்த மனைவி மக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள்.

எண் கிடைக்காவிட்டால் ஆள் பெயர், தகப்பன் பெயர் இரண்டையும் சேர்த்துத் தேடவேண்டியதுதான். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியவர். சின்னசாமியை ‘சி’யிலும் பாருங்கள், ‘எஸ்’ஸிலும் பாருங்கள். முனிசாமி ‘முன்சாமி’யாக இருப்பார். க–வுக்கு K அல்லது G, ப–வுக்கு P அல்லது B, த–வுக்கு T அல்லது D என்று எல்லாம் மாறிவரும். வயது உத்தேசம், ஐந்து வருடம் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும்.

ஊர்ப் பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, சிங்கிள்புட் என்றால் செங்கல்பட்டு. இது எளிது. வட ஆற்காடு என்று இருந்தால் கவனம்: அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் அடக்கம், அது தனி மாவட்டமானது 1911இல்தான். உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். ஒரே பெயரில் நாலு கிராமம் இருக்கும், ஆகவே தாலுகா இல்லாமல் கிராமத்தை மட்டும் குறித்துவராதீர்கள்.

ஊரில் வந்து நிலவரிக்கான செட்டில்மெண்ட் பதிவேட்டைப் புரட்டினால் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும். நிலமில்லாமல் கப்பலேறியவர் அதில் வரமாட்டார். வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது குலதெய்வத்தின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டு, தாலுகா, கிராமப் பெயரோடு எழுதுங்கள்.