கரியமில வாயு குறைந்தபோது பழங்காலக் கடல் நுண்பாசிகள் எப்படித் தாக்குப்பிடித்தன?

காக்கோலித்தோஃபோர் என்ற, சுண்ணாம்புத் தகடு போர்த்திய ஒற்றைச்செல் பாசிகளை எடுத்துக்கொள்வோம். சிக்கலின் வேர், ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி. கரியமில வாயு குறைந்தால் அது ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு வீணாக உழைக்கும். கடல்நீரில் கரைந்த கனிமக் கரிமத்தில் சுமார் 90%, அந்த வாயு நீரோடு வினைபுரிந்து மாறிய வடிவமான பைகார்பனேட். ரூபிஸ்கோவுக்கு வேண்டிய வாயுவாகவே கரைந்திருப்பது 1% கூட இல்லை.

ஒலிகோசீன் காலத்தில் (சுமார் 3.4 முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்) வாயு குறையக் குறையப் பெரிய செல்கள் அருகின. சிறிய செல்லுக்குக் கன அளவைப் பார்க்கப் பரப்பு அதிகம்; தானாக உள்ளே பரவும் வாயுவே பெருமளவு போதும்.

70 முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததுதான் உண்மையில் வியப்பு. தகடு கட்டச் செலவான பைகார்பனேட்டை இந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குத் திருப்பிவிட்டன. அங்கே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி அதை வாயுவாக்கித் தரும். தடயம் தகடுகளிலேயே இருக்கிறது: பெரிய, சிறிய செல்களின் தகடுகளில் கரிம ஐசோடோப்பு (எடையில் மட்டும் வேறுபடும் கரிம அணு வகைகள்) விகிதம் அப்போதுதான் வெவ்வேறாகப் பிரியத் தொடங்கியது.