விழுந்த மகன் மீண்டும் காட்டுப் பாதைக்கு வருவானா?

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர், செகாம்புட்டில் வசிக்கிறோம். என் கணவர் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் நண்பர்களோடு புக்கிட் கியாராவில் மவுண்டன் பைக் ஓட்டி வருகிறார். சென்ற மாதம் முதலாம் ஆண்டில் படிக்கும் எங்கள் ஏழு வயது மகனையும் உடன் அழைத்துச் சென்றார். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. ஓர் இறக்கத்தில் மகன் பயந்தபோது, பின்னால் வந்த அவர் "பிரேக் பிடி, பிரேக் பிடி" என்று கத்தியிருக்கிறார். மரவேரின்மேல் சக்கரம் வழுக்கி மகன் விழுந்தான். முட்டியிலும் முழங்கையிலும் சிராய்ப்பு. அன்றிலிருந்து அவன் சைக்கிளைத் தொடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வரட்டும் என்று 24 அங்குலச் சக்கரமும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் உள்ள சைக்கிளைப் பேரங்காடியில் வாங்கிக் கொடுத்திருந்தோம். இப்போது கணவர், நான்கு வயது மகளைத் தம் சைக்கிளின் பின்னால் குழந்தை இருக்கை பொருத்திக் காட்டுப் பாதைக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியாரோ, "பிள்ளைகளின் கை காலை உடைக்கவா இந்த ஆசை?" என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, கணவர், மாமியார் இருவரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டலாம். அதைவிடச் சிறியவர்களும் நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் அன்று உங்கள் மகன் சென்றது அவனுக்கான பாதைக்கும் அல்ல, அவனுக்கான நாளிலும் அல்ல, அவனுக்கான சைக்கிளிலும் அல்ல. பெரியவர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குள் ஒரு குழந்தையைச் சேர்த்திருக்கிறீர்கள். திருத்த வேண்டியது இதைத்தான். பையனின் துணிச்சலில் குறை ஏதுமில்லை.

முதலில் அந்த வேரைப் பற்றிப் பேசுவோம். அங்கே என்ன நடந்தது என்பது அவனுக்குப் புரிந்தால் பயத்தில் பாதி குறையும். டயருக்கு மண்ணைப் பற்றிக்கொள்ளும் சக்தி ஓர் அளவுக்குத்தான் உண்டு. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது அந்தச் சக்தியின் பெரும்பகுதி வேகத்தைக் குறைப்பதிலேயே செலவாகிவிடுவதால், சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்க மிச்சம் அதிகம் இருப்பதில்லை. காய்ந்த மண்ணில் இது பெரிதாகத் தெரியாது. மழையில் ஊறித் தோல் வழவழத்துக் கிடக்கும் வேரின்மேல், அதுவும் சாய்வாகக் குறுக்கே ஓடும் வேரின்மேல், முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் அனுபவமுள்ள பெரியவரும் விழுவார். ஆகவே வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேரின்மேல் பிரேக்கை விட்டுவிட வேண்டும். சக்கரம் வேரை நேர்க்கோணத்தில் கடக்கும்படி கைப்பிடியை நேராக வைத்திருக்க வேண்டும். "பிரேக் பிடி" என்று கத்தியபோது மகன் சொன்னதை அப்படியே செய்தான், அதனால்தான் விழுந்தான். இதை உங்கள் கணவரே அவனிடம் அமைதியாக உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "நீ தப்பு செய்யவில்லை, அப்பா தப்பான நேரத்தில் தப்பானதைச் சொல்லிவிட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். நானும் என் மகளிடம் ஒருமுறை இதைச் சொல்ல நேர்ந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. தார்ச்சாலைக்கு அடிப்பதுபோல டயரில் காற்றை இறுக நிரப்பி, இருக்கையையும் உயர்த்தி வைத்து அழைத்துச் சென்றது நான். விழுந்ததும் தான் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டது அவள். அந்த எண்ணத்தை மாற்றுவதற்குக் காயம் ஆறியதைவிட அதிக நாள் ஆயிற்று.

அடுத்தது சைக்கிள். வளர்ந்து பொருந்தட்டும் என்று பள்ளிச் சீருடையைப் பெரிதாக வாங்கலாம். சைக்கிளை அப்படி வாங்கக் கூடாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 20 அங்குலச் சக்கரமே பொருந்தும். இருக்கையில் அமர்ந்தபடி இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும். காட்டுப் பாதைக்குப் புதிதான குழந்தைக்கு இதுவே சரியான உயரம். எடையையும் பாருங்கள். 22 கிலோ எடையுள்ள பிள்ளை 12 கிலோ சைக்கிளை ஓட்டுவது, 70 கிலோ எடையுள்ள உங்கள் கணவர் 38 கிலோ சைக்கிளை மேட்டில் மிதிப்பதற்குச் சமம். அந்த முன் ஸ்பிரிங் எடையைக் கூட்டுகிறதே தவிர, அத்தனை சிறிய உடலின் பாரத்துக்கு அது அமுங்குவதே அரிது. ஸ்பிரிங் இல்லாத, எடை குறைந்த, அகலமான டயருள்ள பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக் பிடியை உங்கள் சுண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கே கடினமாக இருந்தால் அவனுடைய விரல்கள் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். பிடியின் அடியில் இருக்கும் சிறு திருகாணியைத் திருப்பினால் அது கைப்பிடிக்கு நெருங்கி வரும். கம்பியை மாற்றி எண்ணெய் விட்டால் இலகுவாகும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அடிக்கக்கூடிய காற்றின் உச்ச அளவு. எடை குறைந்த குழந்தைக்கு அதைவிட வெகுவாகக் குறைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் சற்று உள்வாங்கும்படி வைத்தால்தான் டயர் வேரையும் கல்லையும் பற்றிக்கொள்ளும்.

இனி, அவனை எப்படி மீண்டும் சைக்கிளில் ஏற்றுவது? ஏற்ற முயல வேண்டாம் என்பதே முதல் இரண்டு வாரங்களுக்கு என் யோசனை. புதிய சைக்கிள் வீட்டு வாசலில் நிற்கட்டும். அவன் கை வைக்கும் நாளில், கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முன்சக்கரம் அதில் சரியாக நிற்கும்படி பிரேக் பிடிக்க முடிகிறதா என்று விளையாடுங்கள். யார் மிக மெதுவாக ஓட்டி, கால் ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்வது என்று போட்டி வையுங்கள். இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க, எழுந்து நின்றபடி முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி உருண்டு போகப் பழக்குங்கள். மேடு பள்ளத்தில் அவனுடைய கைகால்களே ஸ்பிரிங்காக வேலை செய்யும். பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைப் புல்லின்மேல் குறுக்காகப் போட்டு நனைத்து விடுங்கள். அதுதான் வேர். அதற்கு முன்னால் பிரேக், அதன்மேல் விடுதல், நேராகக் கடத்தல். நேராகக் கடந்த பிறகு குழாயைச் சாய்த்துப் போட்டு, என்ன மாறுகிறது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். விழுந்தாலும் புல்தான்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "விழுந்துடாதே", "வேரைப் பாரு" என்று சொன்னால் குழந்தையின் கண் வேரிலேயே நிலைத்துவிடும். கண் போகும் இடத்துக்கே சைக்கிளும் போகும். "அந்தப் பெரிய மரத்தைப் பார்", "எழுந்து நில்", "மெதுவாக உருளட்டும்" என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள், அதையும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இடத்தைப் படிப்படியாக மாற்றலாம். தித்திவங்சா ஏரிப் பூங்கா போன்ற சமதளத்தில் சில வாரங்கள் ஓட்டிய பின், ஷா ஆலாம் தாவரவியல் பூங்காவின் மரங்களுக்கிடையே செல்லும் அகலமான சாலை பொருத்தமாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு அதைவிட அருகில் இருப்பது கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம். 1920களில், ஈயச் சுரங்கத்தால் வெறுமையாகிக் கிடந்த நிலத்தில் மரம் நடத் தொடங்கி மனிதக் கைகளால் வளர்க்கப்பட்ட காடு அது. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே கபூர் மரங்களின் கீழ் சைக்கிளை நிறுத்தி மகனை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் கிளை நுனி அடுத்த மரத்தைத் தொடாமல் விலகி நிற்பதால், வானம் மெல்லிய ஓடைகளாகப் பிரிந்து தெரியும். கற்பூரம் என்ற நம் சொல்லோடு உறவுள்ள பெயர் அந்த மரத்துக்கு என்பதையும் சொல்லுங்கள். சைக்கிளுக்கு அனுமதியுள்ள பாதைகள், கட்டணம், திறக்கும் நேரம் ஆகியவற்றைப் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் சில பயணங்களுக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டரே தாராளம். அதில் பாதி நேரம் அவன் கம்பளிப்பூச்சியைப் பார்ப்பதிலும் குச்சி பொறுக்குவதிலும் கழிந்தால் அதைத் தாமதம் என்று நினைக்க வேண்டாம்.

புக்கிட் கியாராவுக்கு அதன் பிறகு திரும்பலாம். ஒற்றையடித் தடங்களுக்குப் போகும் முன், தார் போட்ட பாதையில் ஏறி இறங்கிப் பழகட்டும். கணவரின் நண்பர்கள் குழுவோடு அந்தப் பயணம் வேண்டாம். காத்திருப்பவர்கள் முகத்தில் பொறுமையின்மை தெரியாவிட்டாலும், தன்னால் எல்லாரும் நிற்கிறார்கள் என்பதைக் குழந்தை உணர்ந்துவிடும். ஒரு ஞாயிறு நண்பர்களுக்கு, மறு ஞாயிறு மகனுக்கு என்று பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய சவாரியையும் நீங்கள் மறுக்க வேண்டாம். நன்றாக ஓட்டித் தீர்த்துவிட்டு வந்தவர்தான் மகனோடு நடக்கும் வேகத்தில் பொறுமையாக வருவார். தெரியாத இடத்திலும் சாலையைக் கடக்கும் இடத்திலும் அப்பா முன்னால் செல்ல வேண்டும். தெரிந்த பாதையில் மகன் முன்னால் சென்று வேகத்தைத் தானே தீர்மானிக்கட்டும்.

பருவநிலையை ஒட்டி மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் செம்மண் தடத்துக்குப் போகாதீர்கள். வழுக்கும் என்பது ஒரு காரணம். ஈரத் தடத்தில் சக்கரம் போட்ட பள்ளத்தின் வழியே அடுத்த மழைநீர் ஓடித் தடத்தையே அரித்துவிடும், அதைத் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. விடிந்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். வெயிலுக்கும், கிள்ளான் பள்ளத்தாக்கில் வழக்கமான பிற்பகல் இடிமழைக்கும் அதுவே தீர்வு. இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ சென்று, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று சைக்கிள் வேண்டாம்.

உங்கள் மகளைப் பற்றி: பின் இருக்கையில் வைத்துக் காட்டுப் பாதைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். அந்த இருக்கைகள் சீரான பாதைக்காகச் செய்யப்பட்டவை. மேலே கூடும் எடையால் சைக்கிளின் சமநிலை மாறும். ஒவ்வொரு வேரின் அதிர்ச்சியும் தன் கால்களை ஊன்றித் தாங்க இயலாத அவளுடைய முதுகுக்கும் கழுத்துக்கும் போகும். அப்பா சரிந்தால், கட்டிவைக்கப்பட்டிருக்கும் அவளும் அந்த உயரத்திலிருந்து விழுவாள். பெடல் இல்லாமல் காலால் உந்திச் செல்லும் 12 அங்குலச் சைக்கிளை அவளுக்கு வாங்கிக் கொடுத்துப் புல்வெளியில் விடுங்கள். சமநிலை அதிலேயே வந்துவிடுவதால், பக்கச் சக்கரம் பொருத்தி ஓட்டிய பிள்ளைகளைவிட இப்படிப் பழகியவர்கள் எளிதாகப் பெடலுக்கு மாறுகிறார்கள்.

மாமியாரின் கவலைக்குச் செய்கையால் பதில் சொல்லுங்கள். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக அமர வேண்டும். தாடைப் பட்டைக்கு அடியில் ஒரு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பலமாக ஒருமுறை அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. விரல்களை மூடும் கையுறை, முட்டிக்கும் முழங்கைக்கும் உறை, சிலிப்பருக்குப் பதில் மூடிய காலணி ஆகியவற்றை அவர் கண் முன்னாலேயே அணிவியுங்கள். விழும் குழந்தை கையை ஊன்றுவதால் முன்கை எலும்பு முறிவது உண்டு. கை வீங்கியோ வளைந்தோ இருந்தால், தொடவிடாமல் அழுதால், எண்ணெய் போட்டு நீவாமல், அசையாதபடி துணியால் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தலையில் அடிபட்ட பின் வாந்தி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழப்பம் இருந்தால் உடனே 999ஐ அழையுங்கள். ஓடை நீரைக் குடிக்கவோ புண்ணில் படவோ விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. அட்டை கடித்தால் நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் செய்யலாம். புக்கிட் கியாராவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். அங்கே பால்மரம் வெட்டிய நம்மவர்களின் குடும்பங்கள் 1980களில் அருகிலுள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நீண்ட வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டன. பழைய ரப்பர் மரங்களை அங்கே இன்றும் பார்க்கலாம். உங்கள் மாமியாரை ஒரு நாள் உடன் அழைத்துச் சென்று, தம் தோட்டத்தில் செம்மண் சாலையில் யார் யார் சைக்கிளில் போனார்கள், மழை நாளில் எப்படிச் சமாளித்தார்கள் என்று பேரனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். இட்லியும் தண்ணீரும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். குரங்குகளின் கண்ணில் படாமல் பையை மூடி வைக்கவும் சொல்லுங்கள்.

மகன் விழுந்த இடத்துக்கு, காய்ந்த ஒரு நாளில், சைக்கிள் இல்லாமல் நடந்தே போங்கள். எந்த வேர் என்று அவனே காட்டட்டும். அதைத் தொட்டுப் பார்க்கட்டும், எந்தக் கோணத்தில் வந்திருக்க வேண்டும் என்று குச்சியால் மண்ணில் கோடு போடட்டும். பின்னொரு நாள் சைக்கிளோடு வரும்போது, அந்த இடத்தில் அவன் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்க விரும்பினால், அவனுடைய அப்பாவும் இறங்கித் தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் பின்னால் நடக்கட்டும்.