பாட்டு முடிந்த பிறகுதான் மூட்டையா?

கேள்வி: ஆராதனையும் நடத்தி, வேறு நாடுகளில் உள்ள ஏழைகளுக்கு உதவியும் செய்யும் ஒரு கிறிஸ்தவ ஊழியத்துக்கு மாதாமாதம் பணம் கொடுக்க யோசிக்கிறேன். இரண்டையும் இப்படிக் கலப்பது சரியா?

கலக்கலாம். எந்த இடத்தில் கலக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு சிறிய ஊழியத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதியிருக்கிறேன். முதலில் பாட்டுக் குழுவில்தான் சேர்ந்தேன். என் குரலைக் கேட்டவர்கள் சீக்கிரமே கணக்கு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் நான் சொல்வதில் பாதி வேதாகமம் படித்து வந்தது, பாதி ரசீதுகளைப் பார்த்து வந்தது.

ஆராதனையோடு உதவியைச் சேர்ப்பது இன்றைய விளம்பர உத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சபைகளை நிறுவிய அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி தர்மப்பணம் எடுத்து வைக்கச் சொல்கிறார். கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா என்று பல மாகாணங்களில் சேர்ந்த அந்தப் பணம் எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குப் போக வேண்டியது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் யூதர் அல்லாதவர்கள், பெறுகிறவர்கள் யூதர்கள். முன்பின் பார்த்திராதவர்களுக்காகக் கடல் தாண்டிப் போன காணிக்கை. அந்த உதவியைக் குறிக்க அவர் 2 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் லெயித்தூர்கியா என்ற கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். பிற்காலத்தில் சபைகள் ஆராதனை முறைக்கே பெயராக வைத்துக்கொண்ட சொல் அது. தமிழில் 'தர்மசகாயம்', 'பணிவிடை' என்று படித்துப் பழகியதால் இது நம் கண்ணில் படுவதில்லை.

கணக்கு எழுதுகிறவனாக எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முந்தைய அதிகாரம். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் தன்மேல் பழி சொல்லிவிடக் கூடாது என்று பவுல் கவலைப்படுகிறார். அதனால் தன் உடன் ஊழியன் தீத்துவோடு, சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு ஆளையும் அனுப்புகிறார். 'நான் அப்போஸ்தலன், என்னை நம்புங்கள்' என்று அவரே சொல்லவில்லை. இன்று கணக்குக் கேட்டால் 'தேவனுக்குக் கொடுத்துவிட்டு மனுஷனிடம் கணக்குக் கேட்கலாமா' என்று சொல்லும் ஊழியக்காரர்களுக்கு இந்தப் பகுதியைக் காட்டலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பவுலின் வசூல் சக விசுவாசிகளுக்கானது. வெளியாருக்கு இல்லை. ஆனால் ஏறக்குறைய நூறு வருடத்தில் அந்த வட்டம் விரிந்ததாகத் தெரிகிறது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்பவர் கிறிஸ்தவர்களின் ஞாயிறு கூட்டத்தை விவரிக்கிறார்: வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும், அதன்பின் வசதியுள்ளவர்கள் விரும்பிய அளவு கொடுப்பது. அந்தப் பணம் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்கு வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள் ஆகியோருக்குப் போனது.

இந்த இரண்டு இடங்களிலும் ஆராதனை கொடுக்கிறவர்களின் பக்கம் இருக்கிறது. பாடி, ஜெபித்து, மனம் இளகிக் கொடுக்கிறார்கள். பெறுகிறவன் முதலில் வந்து பாட வேண்டும் என்று எங்கும் இல்லை. நாங்கள் தவறியது இங்கேதான்.

முதல் மூன்று வருடம் எனக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புகைப்படங்கள் வரும், எண்கள் வரும், நான் கடிதம் எழுதுவேன். நான்காவது வருடம் நேரில் போனேன். காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ஒரு மணி நேரம் துதிப் பாடல்கள், அப்புறம் சாட்சி, அப்புறம் பிரசங்கம், அப்புறம் 'இயேசுவை ஏற்கத் தீர்மானித்தவர்கள் கை தூக்குங்கள்' என்ற அழைப்பு. உதவிப் பொருள் மூட்டைகள் மேடைக்குப் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கியிருந்தன. அவற்றைக் கொடுக்கத் தொடங்கியபோது மணி பன்னிரண்டரை. முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் மொழிபெயர்ப்பாளர் வழியாக என்னிடம் கேட்டார்: "எத்தனை தரம் கை தூக்க வேண்டும்?" அதில் கேலி இல்லை. அலுவலகத்தில் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று விசாரிக்கிற குரல்.

எனக்கு அங்கிருந்த போதகர்மேல் கோபம் வந்தது. பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், கொடுத்த பொருள், கையெழுத்து. கடைசியில் ஒரு கட்டம்: 'தீர்மானம் எடுத்தாரா?'

அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்து அனுப்பியவன் நான்தான். நன்கொடை கொடுக்கிறவர்களுக்கான கடிதத்தில் 'இந்தக் காலாண்டில் இத்தனை ஆத்துமாக்கள்' என்று போட எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. நான் எண் கேட்டேன், அந்தப் போதகர் எண் கொடுத்தார். எண் வர வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும், கை தூக்க வேண்டுமென்றால் மூட்டை கடைசியில்தான் வர வேண்டும்.

உணவுக்காக மதம் மாறுகிறவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று கேலி செய்யும் வழக்கம் மிஷனரி காலத்திலிருந்தே ஆசியாவில் உண்டு. அந்தக் கேலி எப்போதும் பசித்தவன்மேல்தான் விழுகிறது, வரிசையை அப்படி அமைத்தவன்மேல் விழுவதில்லை.

திரும்பி வந்து மாற்றினோம். உதவி புதன்கிழமை, வேறு கட்டிடத்தில். யாருக்குத் தேவை என்று பட்டியல் போடும் குழுவில் சபையைச் சேராத இரண்டு பேர். முகம் தெரியும் படங்கள் வேண்டாம். ஞாயிறு ஆராதனை அதன்பாட்டுக்கு நடக்கும், விரும்பியவர்கள் வரலாம். ஞாயிறு கூட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இங்கே கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர், 'சுவிசேஷம் இல்லாத சமூக சேவைக்கு நாங்கள் எதற்கு' என்று நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் பற்றாக்குறை. இப்போது வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று தனக்குத் தெரிகிறது என அந்தப் போதகர் சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகுதான் தெரிந்தது, இதற்கு எழுதப்பட்ட நெறிமுறை ஏற்கெனவே இருக்கிறது என்று. பேரிடர் நிவாரணத்துக்காகச் செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் வெளியிட்டது. தேவையை மட்டும் பார்த்து உதவ வேண்டும், ஒரு மத நம்பிக்கையை ஏற்பதோடு உதவியை முடிச்சுப் போடக் கூடாது என்கிறது. நிறுவனத்துக்கு மத நம்பிக்கை இருக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. அதை முன்வைத்தவர்களில் கத்தோலிக்கரின் காரித்தாஸ், லுத்தரன் உலக சம்மேளனம், உலகத் திருச்சபைகள் மன்றம் எல்லாம் இருக்கின்றன.

அப்படியானால் ஆராதனையையே எடுத்துவிட்டு வெறும் தொண்டு செய்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செய்தியில் ஒரு பேரிடர் ஓடும் வரைதான் பணம் வரும், அப்புறம் நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும் கூடி ஜெபிக்கிறவர்கள் அந்த ஊரின் பெயரை மறப்பதில்லை.

இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பைப் பாருங்கள். வில்லியம் பூத், கேத்தரின் பூத் தம்பதி 1865இல் கிழக்கு லண்டனில் தொடங்கியது. 1882இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. தெருவில் வாத்தியம் வாசித்துப் பாடியவர்கள்தான் 1891இல் லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையையும் திறந்தார்கள். அந்தக் காலத்தில் தீக்குச்சிக்கு வெள்ளை பாஸ்பரஸ் பயன்பட்டது, அதன் புகையால் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. இவர்கள் ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸில் செய்து, கூலியும் கூடக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்பதால் வியாபாரம் நிலைக்கவில்லை, சுமார் பத்து வருடத்தில் தொழிற்சாலை கைமாறியது. வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1908இல் வந்தது. கிண்ணத்தில் கஞ்சி ஊற்றுவதோடு நிற்காமல், ஏன் தாடை அழுகுகிறது என்று கேட்க அவர்களுடைய பாட்டு தடையாக இருக்கவில்லை.

பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை. கப்பலில் பழைய துணி அனுப்பும் ஊழியம் என்றால் கொஞ்சம் தயங்குங்கள். கப்பல் கூலிக்கே பெரும்பணம் போகும், அங்குள்ள தையல்காரரின் பிழைப்பும் கெடும். அந்தந்த ஊரிலேயே வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் மலிவு.

சரி, நீங்கள் யோசிக்கும் ஊழியத்துக்கு வருவோம். ஆண்டறிக்கையையும் தணிக்கை செய்த கணக்கையும் எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். அதோடு, களத்தில் வேலை செய்கிறவர்கள் நிரப்பி அனுப்பும் படிவத்தின் காலிப் பிரதி ஒன்றையும் கேளுங்கள். அதில் யாருடைய விவரமும் இருக்காது, தருவதில் அவர்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. வந்ததும் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.