பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சேர்ந்து ஓட முடியுமா என்பதை முதலில் பாருங்கள்

செயலிகளைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸில் நான்கு பாட்களாக (செயலியின் நகல்களாக) ஓடும் ஒரு வலைச் செயலியின் புதிய பதிப்பை வெளியிட, ரோலிங் அப்டேட் (பாட்களைச் சிறிது சிறிதாக மாற்றுவது), ரீகிரியேட் (பழையவற்றை முழுதும் நிறுத்திவிட்டுப் புதியவற்றைத் தொடங்குவது), ப்ளூ-கிரீன் (இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் போக்குவரத்தை ஒரேயடியாக மாற்றுவது), கேனரி (முதலில் சிறு பகுதிப் பயனர்களுக்கு மட்டும் கொடுப்பது) ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை ஒப்பிடுவதற்கு முன், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே தரவுத்தளத்தின் மேல் சில நிமிடங்களாவது சேர்ந்து இயங்க முடியுமா என்பதற்கு விடை காணுங்கள். என் அனுபவத்தில் தேர்வை முடிவு செய்வது இந்த ஒரு கேள்விதான்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு நான் வேலை செய்த இடத்தில், ஓர் அட்டவணையில் இருந்த நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டு, அதே வெளியீட்டில் புதிய நிரலையும் ரோலிங் முறையில் அனுப்பினோம். இன்னும் மாற்றப்படாத பாட்கள் பழைய பெயரைத் தேடிப் பிழை கொடுக்கத் தொடங்கின. பதற்றத்தில் ரோல்அவுட் அன்டூ கட்டளையைக் கொடுத்தோம். நிரல் முந்தைய பதிப்புக்குத் திரும்பியது, ஆனால் தரவுத்தளம் திரும்பவில்லை. அதுவரை ஒரு பகுதிக்கு மட்டும் இருந்த பிழை எல்லாப் பாட்களுக்கும் பரவியது. அன்றிலிருந்து இத்தகைய மாற்றத்தை மூன்று வெளியீடுகளாகப் பிரிக்கிறேன்: புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுவது, பழைய தரவை நகர்த்திவிட்டுப் புதியதிலிருந்து படிப்பது, கடைசியில் பழையதை நீக்குவது.

அப்படிப் பிரிக்கவே முடியாத மாற்றமாக இருந்தால், சில நிமிட நிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டு ரீகிரியேட் முறையைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. ப்ளூ-கிரீன் முறையில், கோரிக்கைகளைப் பாட்களுக்கு அனுப்பும் சர்வீஸின் செலக்டரை (எந்தப் பாட்களுக்கு என்று குறிக்கும் அமைப்பை) மாற்றியவுடன் போக்குவரத்து புதிய பக்கம் திரும்பிவிடும் என்றாலும், இரு பக்கமும் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்ந்தால் மேலே சொன்ன சிக்கல் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, மாற்றும் நேரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு வளமும் தேவைப்படும். கேனரி முறையில் சிறு பகுதிப் பயனர்களிடம் தெரியும் பிழை விகிதத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதால், போதிய போக்குவரத்தும் நம்பகமான கண்காணிப்பும் இல்லாத செயலிக்கு அது பயன் தராது.

ஆகவே உங்களுக்கு ரோலிங் அப்டேட்டையே பரிந்துரைக்கிறேன், ஆனால் இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். மேக்ஸ்சர்ஜ் (புதுப்பிக்கும்போது கூடுதலாக ஓடக்கூடிய பாட்களின் அளவு), மேக்ஸ்அன்அவைலபிள் (அப்போது பணியில் இல்லாமல் இருக்கக்கூடிய பாட்களின் அளவு) இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 25 சதவீதம். முன்னது மேல்நோக்கியும் பின்னது கீழ்நோக்கியும் முழு எண்ணாக்கப்படும். நான்கு பாட்களுக்கு இரண்டுமே ஒன்று என்று வருவதால், புதுப்பிக்கும்போது மூன்று பாட்கள் மட்டுமே பணியில் இருக்கும் நேரமும் உண்டு. உச்ச நேரச் சுமையை மூன்று தாங்காது என்றால், மேக்ஸ்அன்அவைலபிளைப் பூஜ்யமாகவும் மேக்ஸ்சர்ஜை ஒன்றாகவும் வையுங்கள். கூடுதலான ஒரு பாட்டுக்கு நோடுகளில் (பாட்கள் ஓடும் கணினிகளில்) இடம் இருந்தால் போதும்.

இதைவிட முக்கியமானது, பாட் கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று சோதிக்கும் ரெடினஸ் ப்ரோப். அது இல்லாவிட்டால், பாட்டுக்குள் செயலி ஓடும் கன்டெய்னர் தொடங்கிய நொடியே தயாராகிவிட்டதாகக் கருதி, செயலி இன்னும் தரவுத்தள இணைப்பைக்கூடத் திறக்காத நிலையில் அடுத்த பழைய பாட்டைக் குபெர்நெட்டிஸ் நிறுத்தத் தொடங்கிவிடும். புதிய பாட்கள் தயாராகாமலே தேங்கினால், இயல்பாக 600 நொடிகளுக்குப் பின் டெப்ளாய்மென்ட் (இந்தப் பாட்களை நிர்வகிக்கும் அமைவு) முன்னேறவில்லை என்ற குறிப்பு அதன் நிலைத் தகவலில் பதிவாகும், அவ்வளவுதான். முந்தைய பதிப்புக்குத் தானாகத் திரும்பாது. அந்தக் குறிப்பைக் கவனித்துத் திரும்பப் பெறும் படியை உங்கள் பைப்லைனில் (வெளியீட்டைத் தானாக நடத்தும் படிகளின் தொடரில்) நீங்களேதான் எழுத வேண்டும்.

பழைய பாட் நிறுத்தப்படும் விதத்தையும் பாருங்கள். நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சமிக்ஞையும் சர்வீஸின் பட்டியலிலிருந்து பாட்டை நீக்கும் வேலையும் ஒரே சமயத்தில் நடப்பதால், சமிக்ஞை வந்தவுடன் மூடிக்கொள்ளும் செயலிக்கு அதன் பிறகும் சில கோரிக்கைகள் வந்து முறியும். அந்தச் சமிக்ஞைக்கு முன் இயங்கும் ப்ரீஸ்டாப் ஹூக்கில் ஐந்து முதல் பத்து நொடி காத்திருப்பைச் சேர்த்தால் பெரும்பாலும் இது தீரும். ஆனால் அந்தக் காத்திருப்பும் பாட் மூடிக்கொள்ளத் தரப்படும் இயல்பான 30 நொடி அவகாசத்திற்குள்தான் கணக்கிடப்படுகிறது, எனவே நீண்ட கோரிக்கைகள் இருந்தால் அவகாசத்தையும் சேர்த்தே உயர்த்துங்கள்.